ரவுண்ட்ரீயின் மூன்று டிரஸ்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் யார்க் நகரத்து ரவுண்ட்ரீ சாக்லேட் ஆலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வீடு, டாக்டர், பென்ஷன் என்று முதலாளி கொடுப்பதெல்லாம் கூலியில் பிடித்ததைத் தர்மமாகத் திருப்பித் தருவதுதானே? சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாமே. இதைப் பாராட்ட என்ன இருக்கிறது?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் தர்மத்தின் மேல் அதே சந்தேகம் ஆலை முதலாளி ஜோசப் ரவுண்ட்ரீக்கும் இருந்தது. நான் அவரை மதிப்பதே அதற்காகத்தான்.

1904 டிசம்பரில் தன் சொத்தில் ஏறக்குறைய பாதியை மூன்று டிரஸ்டுகளுக்கு எழுதிவைத்தபோது கூடவே ஒரு குறிப்பும் எழுதினார். யார்க்கில் கஞ்சித் தொட்டி திறக்கப் பணம் கேட்டால் கிடைத்துவிடும். வறுமை எவ்வளவு, எதனால் என்று விசாரிக்கக் கேட்டால் பெரிதாக யாரும் தரமாட்டார்கள் என்கிறார் அதில். அந்த விசாரணையை அவர் மகன் சீபோம் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார். 1899இல் யார்க்கின் உழைப்பாளர் வீடுகளில் ஏறியிறங்கி 46,754 பேரைக் கணக்கெடுத்தார்கள். 1901இல் வெளிவந்த முடிவின்படி நகர மக்களில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். உயிர்வாழவே வருமானம் போதாதவர்களில் பாதிக்கு மேல், ஒழுங்காக வேலைக்குப் போகும் ஆள் இருந்தும் கூலி பற்றாத குடும்பத்தினர். ஒரு முதலாளியின் மகன் இதை அச்சில் போட்டார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மூன்று டிரஸ்டுகளில் ஒன்றை ஜோசப் சட்டப்படி தர்ம நிறுவனமாகவே வைக்கவில்லை. தர்ம நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு, ஆனால் அரசியலில் இறங்க முடியாது. அவருக்கோ சட்டங்களை மாற்றவும் பணம் செலவாக வேண்டும். வரி போனால் போகட்டும் என்று விட்டார்.

ஆலையின் பென்ஷன் திட்டம் 1906இல் வந்தது. தொழிலாளியும் கட்டினார், கம்பெனியும் கட்டியது. அரசாங்கத்தின் முதியோர் பென்ஷன் 1909 ஜனவரியில்தான், அதுவும் 70 வயதானவர்களுக்கு, வாரம் அதிகபட்சம் 5 ஷில்லிங். தானும் சேர்த்துக் கட்டிய பணத்துக்கு யாரும் முதலாளி முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1902இல் கட்டத் தொடங்கிய நியூ இயர்ஸ்விக் கிராமத்திலும், தோட்டத்துக்கு இரண்டு பழமரம் என்று வைத்துக் கட்டிய வீடுகளை ஆலைக்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை.

சம்பளத்தைக் கூட்டலாமே என்றீர்கள். ஒரு குடும்பம் மானமாக வாழக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு வேண்டும் என்று சீபோம் 1918இல் கணக்குப் போட்டே காட்டினார்.

குறை இல்லாமல் இல்லை. கல்யாணமான பெண்கள் வேலையை விட வேண்டும் என்பது ஆலை வழக்கம். அதைவிடப் பெரியது கொக்கோ. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சாவ் டோமே தீவின் போர்ச்சுகீசியத் தோட்டங்களில் அங்கோலாவிலிருந்து கொண்டுவந்தவர்களை அடிமைகளாகவே வேலை வாங்கினார்கள். காட்பரி, ஃப்ரை, ரவுண்ட்ரீ ஆகிய மூன்று சாக்லேட் கம்பெனிகளும் அந்தக் கொக்கோவை நிறுத்தியது 1909இல்தான், செய்தி வெளியே வந்து பல வருடங்கள் கழித்து. யார்க்கின் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தவர்கள் அந்தத் தோட்டத்துக்கு ஏன் அவ்வளவு தாமதமாகப் போனார்கள்? இதைக் கேட்டு நீங்கள் எழுதியிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான்.