வாசகர் கேள்வி: திரைவாசிப்பானுக்கு ஏற்ற தமிழ் நூல்

அச்சு நூலைக் கண்ணால் படிக்க இயலாதவர்களுக்கு மின்னூல் தயாரிப்பது பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: சிறு பதிப்பகம் நடத்துகிறேன். பார்வையற்ற வாசகர் ஒருவர் எங்கள் நூலின் மின்வடிவம் கேட்டார். அச்சகத்துக்குக் கொடுத்த பிடிஎஃப்பையே அனுப்பினேன். ஒரு வரிகூடப் புரியவில்லை என்கிறார். திரையில் தெளிவாகத்தானே இருக்கிறது? – பதிப்பாளர், கோவை

பதில்: திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அடியில் பதிவாகியிருக்கும் குறியீட்டைத்தான் வாசிக்கும். நூல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால், ‘அம்மா’ என்ற சொல் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஆங்கில விசைகளாகவே கிடக்கும். உங்கள் வாசகர் காதில் விழுந்தது அந்த மாதிரி உளறல்தான்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் அடித்திருந்தாலும் பிடிஎஃப்பை நம்ப முடியாது. எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அது அடுக்கிவைப்பதுண்டு. அப்போது ‘கொடு’ என்பதிலிருந்து ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் எழுத்துகள் வெளியே வரும், குரல் தடுமாறும். சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பிடிஎஃப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, கை, தே, கொ, போ வரும் சொற்களைப் பாருங்கள். கொம்பு தனியாகத் துண்டித்து நின்றால் அந்தக் கோப்பு உதவாது.

பக்க வடிவமைத்தவரிடம் பேஜ்மேக்கர் அல்லது இன்டிசைன் மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பழைய எழுத்துருவில் இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்கலாம். மொத்த நூலையும் ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள்; நடுவே ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களையும் அது தமிழ் எழுத்து என்று நினைத்துக் குப்பையாக்கிவிடும். எழுத்துரு வாரியாகத் தேடி, தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்ற வேண்டும். வெறும் உரையாக ஒட்டும்போது தடித்த எழுத்தும் அடிக்குறிப்பு எண்ணும் மறைந்துபோகும். அவற்றை அச்சுப்படியோடு ஒப்பிட்டுத் திரும்பப் போடுங்கள்.

பிறகு இபப் 3 என்ற மின்னூல் வடிவில், உரை திரைக்கேற்ப மடங்கும் வகையில் ஏற்றுமதி செய்யுங்கள். அத்தியாயத் தலைப்பை வெறுமனே பெரிய எழுத்தாக்கினால் போதாது. தலைப்பு என்ற பாணியைக் கொடுத்தால்தான் வாசகர் ஒரு விசையில் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவ முடியும். படங்களை உரிய பத்தியோடு பிணைத்துவிடுங்கள். தனிச் சட்டத்தில் மிதக்கும் படமெல்லாம் நூலின் கடைசியில் போய்க் குவிந்துகொள்ளும். முடிவில், மின்னூல் எல்லோரும் அணுகத்தக்கதா என்று சோதிக்கும் ஏஸில் ஓட்டிப் பாருங்கள்; அது டெய்சி கூட்டமைப்பின் இலவசக் கருவி. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று அது சொல்லும், விளக்கம் உருப்படியா என்று சொல்லாது.

கேள்வி: நூல்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) மூலம் உரையாக்கிக் கொடுக்கும் தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். பிழைதிருத்தம் முடிவதே இல்லை. எங்கே தொடங்குவது? – கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: ஸ்கேனிலிருந்து. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சாம்பல் நிறம், நேராக வைத்த பக்கம். அடிக்குறிப்பு பொடி எழுத்தில் இருந்தால் 400. கூகுள் டிரைவில் உள்ள ஓசிஆர், டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் இரண்டும் தமிழைப் படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களில் தடுக்கி விழும். அத்தகைய நூலுக்கு நேரத்தை இருமடங்காக ஒதுக்குங்கள், அல்லது நேரடியாகத் தட்டச்சு செய்துவிடுங்கள்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத பிழைகள். ‘அவர்’ என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்காலும் அதன்மேல் புள்ளியும் பதிவாகியிருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். மெய்ப்பு பார்ப்பவர் பத்து முறை படித்தாலும் பிடிபடாது, குரலோ அங்கே சொல்லைக் கொன்றுவிடும். ரி, ரீ இரண்டிலும் இதே கதை. துணைக்காலை அடுத்துப் புள்ளியோ, இகர ஈகாரக் குறியோ தமிழில் வரவே வராது. ஆகவே இந்த மூன்றையும் தேடி ஒட்டுமொத்தமாக ர், ரி, ரீ என்று மாற்றலாம். பயமில்லை.

ஔகாரத்தில் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. கௌரவம், பௌர்ணமி, வௌவால் ஆகியவற்றில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக விழுந்து ‘கெளரவம்’ என்று ஆகியிருக்கும். எல்லாவற்றையும் மாற்று என்று கட்டளையிட்டால் வெளி, தெளிவு, கெளுத்தி எல்லாம் சிதையும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.

தமிழ் அச்சில் வரி முடிவில் சொல்லை இணைப்புக்கோடு இல்லாமலே உடைக்கும் வழக்கம் இருக்கிறது. வரிகளைச் சேர்த்துப் பத்தியாக்கும்போது ‘வந்தா ன்’ என்று இடைவெளி நுழைந்துவிடும். இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது: ண, ள, ழ, ற, ன வரிசை எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. இடைவெளியை அடுத்து இவை வரும் இடங்களைத் தேடினால் உடைந்த சொற்களில் ஒரு பங்கு அப்படியே மாட்டிக்கொள்ளும். மீதிக்குச் சொற்பிழைதிருத்தி.

பக்கத்தின் மேலே வரும் நூற்பெயரை நீக்குங்கள். இல்லாவிட்டால் வாக்கியத்தின் நடுவே பக்கத்துக்குப் பக்கம் அது ஒலிக்கும். பக்க எண்ணை நீக்கக் கூடாது. வகுப்பில் ஆசிரியர் ‘47ஆம் பக்கம்’ என்றால் உங்கள் வாசகரும் அங்கே போக வேண்டும். எண்ணைப் பக்கக் குறியாக மாற்றுங்கள், ஆனால் அந்த இடத்தில் பத்தியை உடைக்காதீர்கள். கடைசித் திருத்தம் காதால்தான்: என்விடிஏ என்ற திரைவாசிப்பானை ஓடவிட்டு ஒரு அத்தியாயமாவது கண்ணை மூடிக் கேளுங்கள்.

கேள்வி: பதிப்பாளர் அனுமதி இல்லாமல் இப்படிச் செய்வது திருட்டாகாதா? – நூலகர், மதுரை

பதில்: ஆகாது. காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 52(1) பிரிவின் இசட்-பி உட்பிரிவு இதற்கு வழிவிடுகிறது. மாற்றுத்திறனாளி படிப்பதற்காக எவரும் ஒரு நூலை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றலாம்; சொந்த வாசிப்பு, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்காக அவருடன் பகிரலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமைப்புகளும் செய்யலாம். அரசு அங்கீகாரம் பெற்ற நூலகமும் கல்வி நிறுவனமும் இதில் அடக்கம். லாபம் கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கலாம். அமைப்பு என்றால் கோப்பு மாற்றுத்திறனாளிகளிடம் மட்டுமே போகிறதா என்று பார்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு. பொது வாட்ஸாப் குழுவில் போட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இத்தகைய நூல்களை வெளிநாட்டோடு பரிமாறிக்கொள்ள மராகேஷ் ஒப்பந்தம் என்ற பன்னாட்டு உடன்படிக்கை இருக்கிறது. 2013இல் உருவான அதை முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா, 2014இல். உள்நாட்டில் 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் ஏற்கெனவே அந்த நூல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இரண்டு ஊரில் இரண்டு குழு ஒரே நூலைத் தட்டச்சு செய்வதுபோல் வீண் வேலை வேறில்லை.

அனுமதி தேவையில்லை என்பதற்காகப் பதிப்பாளரைக் கேட்காமல் இருக்காதீர்கள். அவரிடம் மூலக்கோப்பு இருக்கும். அது கிடைத்தால் மேலே சொன்ன ஓசிஆர் வேலை முக்கால்வாசி மிச்சம்.

கேள்வி: வரைபடத்துக்கு எப்படி விளக்கம் எழுதுவது? – புவியியல் ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ‘படம் 3’ என்பது விளக்கமாகாது, ‘காவிரி வரைபடம்’ என்பதும் போதாது. அந்த இடத்தில் பாடம் எதைச் சொல்ல வருகிறதோ அதை எழுதுங்கள். கிளை ஆறுகள் பற்றிய பாடம் என்றால்: ‘காவிரி மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் வடபுறமாகப் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது.’ இவ்வளவு போதும். நிறங்களைச் சொல்ல வேண்டியதில்லை, நிறத்துக்கு ஒரு பொருள் இருந்தாலன்றி. புள்ளிவிவரப் படம் என்றால் எண்களை அட்டவணையாகக் கீழே கொடுங்கள். அழகுக்குப் போட்ட பூவேலைப்பாட்டுக்கு விளக்கத்தைக் காலியாக விடுங்கள்.

கேள்வி: சில இபப் நூல்களைக் கணினி தமிழில் வாசிக்கிறது. சிலவற்றில் எண்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறது. – வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டாவது வகை நூல்களில், நூல் எந்த மொழி என்று கணினிக்குச் சொல்லும் மொழிக்குறி ஆங்கிலம் என்றே விடப்பட்டிருக்கும். மென்பொருள் தானாகப் போடுவது அது. தயாரித்தவர் மாற்ற மறந்திருப்பார். ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எண்ணை மட்டும் சொல்லும். தயாரித்தவருக்கு எழுதி, நூல் முழுமைக்கும் தமிழ் மொழிக்குறி போடச் சொல்லுங்கள். அதுவரை என்விடிஏவில் குரலைக் கையால் தமிழுக்கு மாற்றி, தானாக மொழி மாறும் வசதியை அணைத்துவிட்டு வாசிக்கலாம். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் இயந்திரத்தனமாக ஒலிக்கும், ஆனால் வேகமாக வாசிக்க அதையே விரும்புகிறவர்கள் உண்டு. விண்டோஸில் தமிழ் மொழித் தொகுப்போடு பேச்சுக் குரலையும் நிறுவினால் ‘வள்ளுவர்’ என்ற பெயரில் இன்னொரு குரல் கிடைக்கும். ஆண்ட்ராய்டு போனில் உரையைப் பேச்சாக மாற்றும் அமைப்புக்குள் போய்த் தமிழ்க் குரல் தரவை ஒருமுறை பதிவிறக்கி வையுங்கள்.