பாவம் செய்தால் இரட்சிப்புப் போகுமா? லெந்துக் காலக் கேள்விகளுக்குப் பதில்

தொடங்க முன் ஒரு வேண்டுகோள். ஒரு வசனத்தைக் காட்டிக் கேள்வி கேட்கிறவர்கள் அதற்கு முன்னால் பத்து, பின்னால் பத்து வசனங்களையும் வாசித்துவிட்டுக் கேளுங்கள். பாதிக் கேள்விக்கு விடை அங்கேயே கிடக்கும். நான் மெதடிஸ்த போதனையில் நின்றுதான் பதில் சொல்வேன். மற்றச் சபைகளின் கருத்து வரும் இடத்தில் அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிற மாதிரியே வைப்பேன். கனவுப் பலன், வெளிநாட்டுப் பயணம், கலியாணப் பொருத்தம் எல்லாம் என் துறை இல்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு சகோதரி: எபிரெயர் 10:26இல் "மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால்" வேறொரு பலி இல்லை என்று இருக்கிறது. நான் தெரிந்துகொண்டேதான் பொய் சொன்னேன். எனக்கு இனி மன்னிப்பு இல்லையா?

இருக்கிறது, தங்கச்சி. முதலில் மூச்சை விடுங்கள்.

வினைச்சொல்லைப் பாருங்கள். "பாவம் செய்தால்" என்று அங்கே எழுதவில்லை, "செய்கிறவர்களாயிருந்தால்" என்று எழுதியிருக்கிறது. கிரேக்க மூலத்திலும் தொடர்ந்து நடக்கிற செயலைக் காட்டும் வடிவம்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை நன்றாகப் பிடித்திருக்கிறது. நாம்தான் அவசரத்தில் "செய்தால்" என்று வாசித்துவிடுகிறோம்.

என்ன பாவம் என்பதும் அங்கேயே இருக்கிறது. 25ஆம் வசனத்தில் சபை கூடிவருவதை விட்டுவிட்ட சிலர் வருகிறார்கள். 29இல் தேவகுமாரனைக் காலின்கீழ் மிதித்தவன், உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தம் என்று எண்ணியவன், கிருபையின் ஆவியை நிந்திக்கிறவன் வருகிறான். கிறிஸ்துவை அறிந்தபின் அவரே வேண்டாம் என்று தள்ளுகிறவனைப் பற்றிய பேச்சு இது. அவனுக்கு "வேறொரு பலி" இல்லை என்றால், இருக்கிற ஒரே பலியை அவன் உதறிவிட்டான் என்று பொருள்.

பழைய ஏற்பாட்டிலும் இந்தப் பிரிவு உண்டு. எண்ணாகமம் 15:30 "துணிகரமாய்" செய்கிறவனை அறுப்புண்டுபோகச் சொல்கிறது. ஆனால் லேவியராகமம் 6 ஒப்படைத்த பொருளைப் பற்றிப் பொய் சொன்னவனுக்கும் பொய்யாணை இட்டவனுக்கும் பலி வைத்திருக்கிறது. தெரியாமல் பொய்யாணை இட முடியுமா? தெரிந்து செய்த பாவத்துக்கு அங்கேயே வழி இருந்தது. உங்கள் பொய் யாரைப் பாதித்ததோ அவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்கிறார் என்கிற 1 யோவான் 1:9 உங்களுக்கு எழுதியதுதான்.

ஆரையம்பதியிலிருந்து: கலியாண வீட்டில் சாராயம் குடித்துவிட்டேன். இரட்சிப்புப் போய்விட்டதா?

ஒரு நாள் விழுந்ததால் போகாது. ஆனால் கலாத்தியர் 5:21 "வெறிகள்" என்று சொல்லித்தான் எச்சரிக்கிறது. அடுத்த கலியாண வீட்டுக்குக் குடிக்காத ஒருவரோடு போய் அவரோடேயே திரும்பி வாருங்கள்.

கல்முனையிலிருந்து: கிரிக்கெட் மட்சுக்குப் பந்தயம் கட்டினால் போகுமா?

மேலே வாசியுங்கள்.

செங்கலடியிலிருந்து: தசமபாகம் கொடுக்காவிட்டால் போகுமா?

இந்த "இது செய்தால் போகுமா, அது செய்தால் போகுமா" என்ற வரிசையில் இது மூன்றாவது. இன்னும் நிறைய வந்து கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாவங்களுக்கு விலைப்பட்டியல் போட்டு, இத்தனைக்கு மேல் போனால் இரட்சிப்பு ரத்து என்று வேதம் எங்கும் கணக்கு வைக்கவில்லை.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தாவீதின் விழுகையை எடுத்துப் பிரசங்கித்தபோது படிப்படியாகக் காட்டினார். சோதனை வருகிறது. ஆவியானவர் எச்சரிக்கிறார். மனிதன் கொஞ்சம் இடம் கொடுக்கிறான். ஆவியானவர் துக்கப்படுகிறார், விசுவாசம் தளர்கிறது, அன்பு ஆறிப்போகிறது. ஆவியானவர் இன்னும் கடுமையாகக் கண்டிக்கிறார். அவன் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறான். ஆசை வளர்ந்து, விசுவாசமும் அன்பும் மறைந்துபோகின்றன. அதன் பிறகுதான் கை பாவத்தைச் செய்கிறது. கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கேட்கிறீர்கள். எந்தப் படியில் காதைப் பொத்தினீர்கள் என்று பாருங்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தம்பி: ஐயா, நீங்கள் குழப்புகிறீர்கள். யோவான் 10:28, "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் எப்போதும் இரட்சிக்கப்பட்டவன்தான். கதை முடிந்தது.

27ஆம் வசனத்தை ஏன் விட்டீர்கள் தம்பி? ஆடுகள் அவர் சத்தத்துக்குச் செவிகொடுக்கின்றன, அவருக்குப் பின்செல்கின்றன. வாக்குத்தத்தம் அந்த ஆடுகளுக்குத்தான்.

உங்கள் பக்கத்தையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை மலிவாகப் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஹொலந்திலே அர்மீனியஸ் என்ற இறையியலாளரைப் பின்பற்றியவர்கள் 1610இல் ஐந்து கருத்துகளை வைத்தார்கள். ஐந்தாவதில், விசுவாசி கடைசியில் விழுந்துபோக முடியுமா என்பதை வேதத்தில் இன்னும் ஆராய வேண்டும் என்று திறந்தே விட்டார்கள். அதற்குப் பதிலாகச் சீர்திருத்த சபைகளின் டோர்ட் சங்கம் 1618–19இல் கூடி, தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் முற்றாக விழுந்துபோகமாட்டார்கள் என்று தீர்த்தது. ஆனால் அதே டோர்ட், விசுவாசி பெரும் பாவத்தில் விழலாம், தேவனைக் கடுமையாக மனநோகச் செய்யலாம், ஆவியானவரைத் துக்கப்படுத்தலாம், மனச்சாட்சியைப் புண்ணாக்கலாம், தேவ தயவின் உணர்வையே சில காலம் இழக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. "எப்படி வாழ்ந்தாலும் பரலோகம்" என்று அவர்கள் சொல்லவே இல்லை. நம்மூரில் நோட்டீஸில் வருவது அதன் பாதிதான்.

பெரியகல்லாறிலிருந்து ஒரு அண்ணன்: தம்பிக்கு எபிரெயர் 6:4–6ஐக் காட்டுங்கள். பிரகாசிப்பிக்கப்பட்டு, பரிசுத்த ஆவியைப் பெற்று, மறுதலித்துப்போனவர்கள். இது அவிசுவாசியா?

தம்பி: அவர்கள் ருசிபார்த்தவர்கள் மட்டும்தான். 1 யோவான் 2:19, "நம்முடையவர்களாயிருக்கவில்லை." நெற்சப்பிக் களையும் நெல்லும் ஒரே வட்டையில் ஒரே பச்சையாகத்தானே நிற்கும்? கதிர் தள்ளினால்தான் தெரியும்.

நெற்சப்பி உவமை நல்லது, வயல் தெரிந்த பிள்ளை. ஆனால் எபிரெயர் 6:7–8ஐயும் வயலிலேயே வைத்துப் பாருங்கள். அங்கே இரண்டு விதையைப் பற்றிப் பேச்சே இல்லை. பெய்கிற மழையைக் குடிக்கிற நிலம் பயிரைக் கொடுத்தால் ஆசீர்வாதம், முள்ளை முளைப்பித்தால் தகாதது. மழை உண்மையாகவே பெய்தது, நிலம் உண்மையாகவே குடித்தது. "ருசிபார்த்தல்" என்ற சொல்லும் உங்களுக்குக் கைகொடுக்காது. அதே நிருபம் 2:9இல் இயேசு மரணத்தை ருசிபார்த்தார் என்கிறது. அவர் அரைகுறையாகவா மரித்தார்?

அண்ணனுக்கும் ஒன்று. ஆறாம் வசனத்தில் நிறுத்திவிட்டீர்கள். ஒன்பதாம் வசனத்தில் "பிரியமானவர்களே" என்று கூப்பிட்டு, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள்.

தம்பி: எபேசியர் 1:14. ஆவியானவர் "அச்சாரம்". தேவன் அச்சாரம் கொடுத்துவிட்டுப் பின்வாங்குவாரா?

அண்ணன்: காணி வாங்குகிறவன் பின்வாங்காவிட்டாலும் விற்கிறவன் பின்வாங்கலாமே?

தம்பி: விற்கிறவன் யார்? காணி ஏற்கெனவே அவருடையது. 1 கொரிந்தியர் 6:20, கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்.

அண்ணன்: 2 பேதுரு 2:1, "தங்களைக் கிரயத்துக்குக்கொண்ட ஆண்டவரை மறுதலித்து." கிரயம் முடிந்த காணியும் மறுதலிக்கிறது.

இந்த நாலு வரிக்காகவே இன்றைக்கு உட்கார்ந்தது வீண்போகவில்லை. வாங்குகிறவர் பின்வாங்கமாட்டார் என்பதில் உங்கள் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை. அச்சாரம் கொடுத்தவருடைய உண்மையைத்தான் எபேசியர் பேசுகிறது. மற்றப் பக்கத்தைப் பேசுகிறது பேதுரு. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்ததிலிருந்து இங்கே மெதடிஸ்த சபை இரண்டையும் சேர்த்தே படித்து வந்திருக்கிறது: பிசாசோ மனிதனோ பறிக்க முடியாது, ஆனால் மனிதன் தானே உதறிவிட்டுப் போக முடியும். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவையும் இந்தப் பக்கம்தான். ஆனால் விட்டுப்போனவன் ஒருவன் கண்முன்னே நிற்கும்போது, "இவனுக்கு இருந்து போனது" என்று அண்ணன் சொல்வார், "இவனுக்கு இருந்ததே இல்லை" என்று தம்பி சொல்வார். இரண்டு பேரும் அவனிடம் போய்ச் சொல்லவேண்டியது ஒரே சொல்தான்: திரும்பி வா. இதற்குமேல் இந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தாண்டவன்வெளியிலிருந்து, கத்தோலிக்கர்: எங்கள் போதனையில் சாவான பாவம் செய்தால் அருள் போய்விடும் அல்லவா?

ஓம். திரெந்து சங்கம் 1547இல் அப்படித்தான் தீர்த்தது; அதிலே கவனிக்கவேண்டியது, அருளை இழந்தவன் விசுவாசத்தையும் இழந்துவிட்டான் என்று அது சொல்லவில்லை. சாவான பாவத்துக்கு மூன்றும் சேரவேண்டும்: கனமான விடயம், முழு அறிவு, முழுச் சம்மதம். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. திரும்பும் வழி பாவசங்கீர்த்தனம். குருவானவர் உங்கள் ஊருக்கு வர நாள் இருந்தால், முடிந்த விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு, தேவன்மேலுள்ள அன்பினால் வருகிற உத்தம மனஸ்தாபப்படுங்கள். மன்னிப்பு அதிலேயே உண்டு என்பதுதான் உங்கள் திருச்சபையின் போதனை. மிச்சத்தை உங்கள் பாதரிடம் கேளுங்கள், அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அக்கரைப்பற்றிலிருந்து: ஜெபிக்கும்போது ஆவியானவருக்கு விரோதமான கெட்ட சொல் மனதில் வருகிறது. மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனா? ஒரு நாளைக்கு முப்பது தரம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இல்லை மகன். மாற்கு 3:30 காரணத்தையே எழுதிவைத்திருக்கிறது: "அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான்" என்று அவர்கள் சொன்னபடியால். கண்முன்னே நடந்த தேவனுடைய கிரியையைப் பார்த்துக்கொண்டே, அது பிசாசினுடையது என்று மனமறிந்து சாதித்தவர்களுக்குச் சொன்னது. வேண்டாம் வேண்டாம் என்று நீங்கள் தள்ளுகிற நினைவு அது இல்லை.

முப்பது தரம் என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. விரும்பாத நினைவு திரும்பத் திரும்ப வருவதும், அதைத் தணிக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதும் வைத்தியர்கள் அறிந்த ஒரு நோய். மருந்தும் பயிற்சியும் உண்டு. ஒவ்வொரு தரம் கேட்கும்போதும் பத்து நிமிடம் ஆறுதல், பிறகு பயம் இன்னும் பெரிதாகும். ஆகவே ஒருமுறை கேளுங்கள், நினைவு மறுபடி வந்தால் அதோடு வாதாடாமல் கைவேலையைத் தொடருங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போங்கள். இதற்காக உபவாசம் இருக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஒரு சகோதரி: ஒரு தீர்க்கதரிசி என் பெயர் ஜீவபுஸ்தகத்திலிருந்து அழிக்கப்பட்டிருக்கிறது என்றார். விசேஷ காணிக்கை கொடுத்தால் திரும்ப எழுதப்படுமாம்.

கொடுக்காதீர்கள். வெளிப்படுத்தல் 3:5இல் பெயரைக் கிறுக்கிப்போடுவதில்லை என்று சொல்கிறவர் கிறிஸ்து, அந்தப் புத்தகம் வேறு யார் கையிலும் இல்லை. காசையும் வரத்தையும் சேர்த்துப் பேசிய சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதில் அப்போஸ்தலர் 8:20இல் இருக்கிறது, அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம்: சீட்டுக் காசில் நாற்பதாயிரம் எடுத்துச் செலவழித்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. கர்த்தரிடம் அறிக்கை செய்துவிட்டேன். போதுமா?

போதாது. மேலே சொன்ன லேவியராகமம் 6ஐ மறுபடி எடுங்கள். ஐந்தாம் வசனம்: முதலைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி, உரியவனுக்கே கொடுக்கவேண்டும். 40,000க்கு 8,000 சேர்த்து 48,000. அந்த அதிகாரத்தில் காசும் பலியும் ஒன்றாகவே வருகின்றன, ஒன்றை விட்டு மற்றதைச் செய்ய இடமில்லை. கையில் இல்லையென்றால் மாதம் 4,000 வீதம் பன்னிரண்டு மாதம். சீட்டுப் பிடிக்கிறவரிடம் தனியாகப் போய்த் தொகையையும் தவணைத் திகதியையும் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுங்கள். "கஷ்டகாலம், அதனால்தான்" என்று தொடங்காதீர்கள், "எடுத்தேன்" என்று தொடங்குங்கள். இனிமேல் மற்றவர் காசு உங்கள் கையில் தங்கக்கூடாது.

திருக்கோவிலிலிருந்து: பின்மாறிப் போய்த் திரும்பினால் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கவேண்டுமா?

வேண்டாம். பேதுரு மூன்று தரம் மறுதலித்தான், யாரும் அவனை மறுபடி தண்ணீருக்குள் இறக்கவில்லை. 325இல் நிசேயா சங்கம், கட்டாயமில்லாமலே விசுவாசத்தை மறுதலித்தவர்களுக்கு மூன்று வருடம் கேட்போராகவும், ஏழு வருடம் முழங்காலில் நிற்போராகவும், இரண்டு வருடம் ஜெபத்தில் மட்டும் பங்குபெறுவோராகவும் பன்னிரண்டு வருடம் விதித்தது. அதன் முடிவில் நற்கருணை கொடுத்தார்கள். மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவில்லை.

ஒரு தாய்: என் மகன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். விசுவாசப் பிள்ளை. மனந்திரும்ப நேரமில்லாமல் போனானே.

அம்மா, கடைசி நிமிடத்தில் அறிக்கை செய்யாத பாவத்தோடு போகிறவர்கள் எல்லாரும் அழிவார்கள் என்றால், தூக்கத்தில் மாரடைப்பு வந்து போகிறவர்களில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. முன்பு அடக்கத்தையே மறுத்த கத்தோலிக்கச் சட்டம்கூட 1983இல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. மனநோயும் கடும் வேதனையும் மனிதனுடைய பொறுப்பைக் குறைக்கும் என்றே இன்று போதிக்கிறது. ரோமர் 8:38ஐ வாசியுங்கள், பட்டியலில் முதல் சொல் மரணம். வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் தனியே விடாதீர்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926க்கு எடுங்கள்.

கல்லடியிலிருந்து, கடைசிக் கேள்வி: என் மாமா இருபது வருடமாகக் கோவிலுக்கு வருவதில்லை. எபிரெயர் 6ஐ அச்சடித்துக் கொடுக்கலாமா?

வேண்டாம் மகள். அந்த அதிகாரம் போகப் பார்க்கிறவனைத் தடுக்க எழுதியது, போனவன் முகத்தில் எறிய எழுதியதில்லை. யாக்கோபு 5:19–20ஐ நீங்கள் வாசித்துக்கொள்ளுங்கள், அவருக்கு வாசித்துக் காட்டவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வேறு நாளில் போங்கள். பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். தேத்தண்ணி குடியுங்கள். என்ன நடந்ததால் விட்டார் என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள், சபையைப் பற்றிக் குறை சொன்னால் மறுத்துப் பேசவேண்டாம். எழும்பும்போது அடுத்து எப்போது வருவீர்கள் என்று நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள், அந்த நாளில் போங்கள்.