மேசை இறங்கும்போது கால் எங்கே இருக்கிறது?

கேள்வி: வன்னியில் ஒரு வைத்தியசாலையின் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுடையது ஏறி இறங்கும் மேசை. அதன் கீழ் விளிம்பில் ஓடும் கறுப்பு ரப்பர் பட்டி சும்மா சும்மா மேசையை நிறுத்திக்கொண்டிருந்தது. திருத்த வந்தவர் அதன் வயரைக் கழற்றிவிட்டுப் போனார். போன கிழமை, 2009இல் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத அண்ணை ஒருவர் வந்தார். மேசையை இறக்கும்போது அவருடைய பாதம் மேசைக்கும் சில்லுக்கதிரையின் மிதிதட்டுக்கும் நடுவில் நசிந்துவிட்டது. அவர் பாட்டில் கதைத்துக்கொண்டே இருந்தார். செருப்பில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. பட்டியைத் திரும்பப் பூட்டலாமா? புது மேசைக்கும் கேட்டிருக்கிறோம், எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் அந்த அண்ணையின் பாதத்தைப் படம் எடுத்தீர்களா? புண்ணுக்கு மருந்து கட்டியதோடு விட்டிருந்தால் திரும்பக் கூப்பிடுங்கள். பல வருடம் நடக்காத காலில் எலும்பு மெலிந்திருக்கும், முறிந்தாலும் அவருக்குத் தெரியாது.

சரி, இப்போது மேசை. வயரைக் கழற்றினார் என்கிறீர்கள். கழற்றிய பிறகும் மேசை ஓடுகிறதென்றால் எனக்கு அது பெரிய சந்தேகம். ஒழுங்காக வடிவமைத்த பாதுகாப்புப் பட்டியில் வயர் அறுந்தால் மேசை நிற்க வேண்டும், ஓடக் கூடாது. இப்படியான பல பட்டிகளுக்குள் இரண்டு கடத்திகள் தொடாமல் நீளத்துக்கு ஓடும், கடைசி முனையில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சின்னத் தடையி (resistor) ஒன்று இருக்கும். 8.2 கிலோ ஓம் என்பது வழக்கமான அளவு. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அந்த அளவு தெரிந்துகொண்டிருக்கும் மட்டும் மேசை நகரும். பட்டி நசிந்து கடத்திகள் தொட்டால் தடை பூச்சியத்துக்குப் போகும், மேசை நிற்கும். எலி வயரைக் கடித்தால் தடை எல்லையில்லாமல் ஏறும், அப்போதும் நிற்கும். ஆகவே கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் வயரின் இடத்தில் தனியாக ஒரு தடையி முறுக்கி வைத்திருப்பதை அநேகமாகக் காண்பீர்கள். மெசினை ஏமாற்றும் வேலை அது. பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம், பயிற்சி உள்ள ஒருவரைக் கொண்டு திறப்பியுங்கள்.

பட்டியைக் கட்டாயம் திரும்பப் பூட்ட வேண்டும். ஆனால் அது ஏன் சும்மா நிறுத்தியது என்று பார்க்காமல் பூட்டினால் இரண்டு மாதத்தில் இன்னொருவர் வந்து கழற்றுவார். அவரையும் நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். துணுக்காயிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வந்த சனம் பின்னேர பஸ்ஸை விடக் கூடாதென்று வாசலில் நிற்கும்போது, நாளுக்கு இருபது தரம் நிற்கும் மேசையை யார் பொறுப்பார்? சில்லுக்கதிரை இடித்து இடித்து பட்டி ஓரிடத்தில் நிரந்தரமாக நசிந்திருக்கலாம். ரப்பர் வெடித்து, கோடையில் செம்மண் புழுதியும் மாரியில் ஈரமும் உள்ளே போயிருக்கலாம். துப்புரவுத் திரவம் ஊறியிருக்கலாம். அப்படியானால் புதுப் பட்டி போட்டால் சரி. பட்டி வரும்வரை மேசையை ஒரே உயரத்தில் நிறுத்தி வைத்து வேலை செய்யுங்கள்.

இனி வாங்கும் விடயம். விற்பனையாளர்கள் சென்சர் எத்தனை என்றுதான் சொல்வார்கள். சென்சர் எனக்கு மூன்றாம் கேள்வி. முதல் கேள்வி, நசிய இடம் இருக்கிறதா என்பது. உடலின் பாகம் நசியாமல் இருக்க விடவேண்டிய இடைவெளிகளை ஐ.எஸ்.ஓ. 13854 என்ற நியமம் சொல்கிறது: விரலுக்கு 25 மில்லிமீற்றர், பாதத்துக்கு 120, தலைக்கு 300. மேசை முழுக்க இறங்கிய பிறகும் அடியில் 120 மில்லிமீற்றருக்குமேல் மிஞ்சினால் நிலத்தில் வைத்த பாதம் தப்பும். மிதிதட்டில் இருக்கும் பாதம் தப்பாது, ஏனென்றால் தட்டு ஏற்கெனவே நிலத்திலிருந்து மேலே இருக்கிறது. சில்லுக்கதிரையைக் கொண்டுபோய் அடியில் விட்டுத்தான் அளக்க வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு பலத்தோடு நசிக்கும் என்பது. சீ-ஆர்ம் (எக்ஸ்ரே குழாயைத் தாங்கும் C வடிவக் கை) போல வீசித் திரும்பும் பாகங்களில் வேகம்தான் ஆபத்து. வேகத்தைப் பாதியாக்கினால் மோதும் சக்தி கால்வாசியாகும், அதனால்தான் நல்ல மெசின் நோயாளியை நெருங்கும்போது தானே மெதுவாகிறது. இறங்கும் மேசையின் கதை வேறு. அது ஆமைபோல வந்தாலும் மேலே படுத்திருப்பவரின் பாரத்தோடு வருகிறது. சில மேசைகளில் மோட்டர் தூக்க மட்டும் செய்யும், கீழே இழுக்காது. தடைப்பட்டால் மேசை அந்த இடத்திலேயே தங்கிவிடும். பாரம் காலில் இருக்கும், ஆனால் மோட்டரின் பலம் அதோடு சேராது. இது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் பொத்தான். அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் நகர்ந்து, விரலை எடுத்ததும் நிற்க வேண்டும். அதை அழுத்துகிறவர் நோயாளியின் பாதத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்க வேண்டும். இந்த ஏற்பாடுகளெல்லாம் ஒன்றை மௌனமாக நம்பியிருக்கின்றன: நொந்தால் நோயாளி கத்துவார். எங்களுடைய ஊரில் அது பலபேருக்குப் பொருந்தாது. முள்ளந்தண்டில் காயப்பட்டவர், நீரிழிவால் பாதம் விறைத்தவர், மயக்கத்தில் கிடப்பவர், இவர்கள் சத்தம் போட மாட்டார்கள். அவர்களுக்குப் பட்டிதான் வாய்.

அவசர நிறுத்தப் பொத்தானையும் சோதியுங்கள். சிவப்புப் பொத்தானை அடித்தால் மோட்டருக்கு மின் நிற்கும், சரி. ஆனால் நசிந்த கால் அங்கேயே கிடக்கிறது, மேசையை மேலே தூக்குவது எப்படி? சில பட்டிகள் நசிந்ததும் மேசையைச் சற்று மேலே எடுத்துவிடும். கரண்ட் இல்லாத நேரத்தில் கையால் தூக்க வழி இருக்க வேண்டும். மேசை பாதி வழியில் இருக்கும்போது பிரதான சுவிற்சை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். நல்ல பிறேக் மின் போனால் வில்லின் பலத்தில் தானே பிடிக்கும்.

சென்சர் காப்பாற்றாத இடமும் உண்டு. 2013 ஜூனில் நியூயோர்க்கில் காமா கமெரா (உடலுக்குள் ஏற்றிய கதிரியக்க மருந்தைப் படம்பிடிக்கும் மெசின்) ஒன்றின் பாகம் விழுந்து நோயாளி ஒருவர் இறந்தார். பேசப்பட்டது பெரிய மின்னணுக் கோளாறு அல்ல, பூட்டியிருந்த ஆணிகள். அதனால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஆணிகளையும் தூக்கும் கம்பிகளையும் எப்போது, யார் பார்ப்பது என்று எழுத்தில் வாங்குங்கள்.

மெசின் காட்ட வரும் நாளில் வெறும் பால்மாப் பெட்டி ஒன்றும் ஒரு சில்லுக்கதிரையும் எடுத்து வையுங்கள். பெட்டியை மிதிதட்டில் வைத்து மேசையை இறக்கச் சொல்லுங்கள். நடுவில், ஓரத்தில், கால்மாட்டில் என்று மூன்று இடத்திலும். பெட்டி சப்பையாகும் முன் மேசை நிற்காவிட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.