இ85 ஒவ்வொரு டேங்குக்கும் மாறுகிறதே, ட்யூனிங்கை எப்படி நிலையாக வைப்பது?

கேள்வி: என் டர்போ காரை, எத்தனாலும் பெட்ரோலும் கலந்த இ85 எரிபொருளுக்கு ட்யூன் செய்து ஓட்டுகிறேன். கோடையில் அருமையாக இழுத்தது. குளிர்காலம் தொடங்கியதும், அதே பங்க்கில் போட்டும் மீட்டர் ரிச் (காற்றுக்கு எரிபொருள் அதிகம்) என்று காட்டியது, பிளக் கறுத்தது, இழுவை குறைந்தது. எரிபொருள் அளவைக் குறைத்துச் சரிசெய்தேன். இரண்டு டேங்க் கழித்து இப்போது முழு த்ராட்டிலில் லீன் (எரிபொருள் குறைவு) ஆகிறது. எத்தனால் அளவைக் காட்டும் ஃபிளெக்ஸ் சென்சார் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ட்யூன் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ட்யூனில் கோளாறு இல்லை, எரிபொருள்தான் மாறியிருக்கிறது. இ85 என்ற பெயரில் 85 இருப்பதால் உள்ளேயும் 85 இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். அமெரிக்கத் தரநிலைப்படி இந்தப் பெயரில் விற்கும் எரிபொருளில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எவ்வளவும் இருக்கலாம். எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது, வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அதனால் குளிர்காலத்தில் பெட்ரோலின் பங்கைக் கூட்டிவிடுகிறார்கள். பருவம் மாறும் வாரங்களில் பங்க்கின் தொட்டியில் பழைய கலவையும் புதியதும் சேர்ந்தே கிடக்கும். நீங்கள் முதலில் ரிச்சையும் பிறகு லீனையும் பார்த்தது இதனால்தான்.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவையில் 85 சதவீதம் எத்தனால் இருந்தால் இந்த விகிதம் 9.8 அளவில் வரும், 60 சதவீதம் இருந்தால் 11.2. அதாவது 60 சதவீதக் கலவைக்கு அமைத்த ட்யூனில் 85 சதவீதம் வந்து விழுந்தால், இன்ஜெக்டர் சுமார் 12 சதவீதம் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். எத்தனால் 10 சதவீதப் புள்ளி மாறினால் எரிபொருள் அளவில் 4.5 முதல் 5 சதவீதம் வரை மாற்றம் தேவை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக ஓட்டும்போது இது தெரியாது. ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. தானே திருத்திக்கொள்ளும். முழு த்ராட்டிலில் பெரும்பாலான இ.சி.யு.க்கள் அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டு, அட்டவணையில் எழுதியிருக்கும் அளவை அப்படியே கொடுக்கும். எஞ்சினுக்குப் பிழை பொறுக்காத இடமும் அதுவே. இன்ஜெக்டர் ஏற்கெனவே 80 சதவீத நேரம் திறந்திருந்தால், அந்தக் கூடுதல் 12 சதவீதத்துக்கு அதில் இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மீட்டர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதில் பலர் ஏமாறுகிறார்கள். வைட்பேண்ட் மீட்டர் உண்மையில் அளப்பது லாம்டாவை மட்டும்தான், அதாவது உள்ளே இருக்கும் காற்று முழு எரிதலுக்குத் தேவையானதைப் போல எத்தனை மடங்கு என்பதை. அதைப் பெட்ரோலின் 14.7ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. டேங்கில் எந்தக் கலவை இருந்தாலும் லாம்டா 1 என்றால் அது 14.7 என்றே காட்டும். இ85 போட்டால் 9.8 தெரிய வேண்டும் என்று நினைத்து அந்த எண்ணைத் துரத்தினால் எஞ்சினை எரிபொருளில் குளிப்பாட்டிவிடுவீர்கள். மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள், கலவை எதுவானாலும் கணக்கு ஒன்றே.

இப்போது டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். எரிபொருள் அளவு எத்தனாலோடு ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறும். டைமிங்கை எவ்வளவு முந்தவைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நாக்கிங்கை (கலவை தானாகவே பற்றி வெடிப்பதை) தாங்கும் திறன், அது அப்படி ஏறுவதில்லை. எத்தனால் மூலக்கூறு சிறியது, கன அளவில் 30 சதவீதம் இருந்தாலே மூலக்கூறு எண்ணிக்கையில் பாதி அதுதான். அதனால் அந்தத் திறனைக் குறிக்கும் ஆக்டேன் எண் 30, 40 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறி, அப்புறம் தட்டையாகிவிடும். ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும் பலன் மட்டும் மேலும் கூடிக்கொண்டே போகும். ஆக, பெட்ரோல் டைமிங்குக்கும் இ85 டைமிங்குக்கும் நடுவே நேர்கோடு போட்டால் பாதிக் கலவையில் தேவையில்லாமல் சக்தியை இழப்பீர்கள். இ85 டைமிங்கை வைத்துக்கொண்டு தவறிப்போய் சாதாரணப் பெட்ரோலை நிரப்பினால் பிஸ்டனே போய்விடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், சென்சார் போடும் வரை எஞ்சினை 50 சதவீதக் கலவைக்கு ட்யூன் செய்வேன். ஆக்டேன் பலனில் பெரும்பகுதி அதற்குள் கிடைத்துவிடுகிறது, இன்ஜெக்டருக்கும் மூச்சு விட இடம் இருக்கும். பங்க்கில் வருவது 51க்குக் கீழே போகக் கூடாது என்பதால், எதை ஊற்றினாலும் பெட்ரோல் சேர்த்து 50க்கு இறக்கலாம். ஏற்றுவதுதான் முடியாது. காலி டேங்குக்கு ஒரு கணக்கு: வாங்கியது 60 சதவீதம் என்றால் அதில் 40 லிட்டர், 10 சதவீத எத்தனால் உள்ள சாதாரணப் பெட்ரோல் 10 லிட்டர். 24 லிட்டரும் ஒரு லிட்டரும் சேர்ந்து 25 லிட்டர் எத்தனால், மொத்தம் 50 லிட்டரில் சரிபாதி. டேங்கில் மிச்சம் கிடப்பதையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

இதற்கெல்லாம் வாங்கியது எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும். 100 மில்லி அளவு ஜாடி ஒன்று போதும். 50 மில்லி கோடு வரை தண்ணீர், அதன்மேல் 100 வரை எரிபொருள். மூடி நன்றாகக் குலுக்கி, இடையிடையே மூடியைத் திறந்து ஆவியை விட்டுவிட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடும், பெட்ரோல் தனியாக மேலே மிதக்கும். நடுவே தெளிவான ஒரு கோடு விழும். அந்தக் கோடு 88இல் நின்றால் கீழே வந்தது 38 மில்லி, 50இல் 38 என்றால் 76 சதவீதம். தண்ணீரும் எத்தனாலும் கலக்கும்போது கன அளவு கொஞ்சம் சுருங்கும், ஆகவே உண்மையான அளவு இதைவிடச் சில புள்ளிகள் கூடுதலாகவே இருக்கும். திறந்த வெளியில், நெருப்பிலிருந்து விலகி நின்று செய்யுங்கள்.

நிரந்தரத் தீர்வு ஃபிளெக்ஸ் சென்சார்தான், உங்கள் இ.சி.யு. அதை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பரவலாகக் கிடைக்கும் சென்சார் எரிபொருளின் மின்கடவாப் பண்பை அளந்து 50 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை சிக்னல் தரும். 50ஐக் கழித்தால் எத்தனால் சதவீதம்: 127 ஹெர்ட்ஸ் என்றால் 77. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால் மட்டும் அளவு பொய்யாக உயரும். பிரேசிலின் ஃபிளெக்ஸ் கார்கள் பெரும்பாலும் இந்தச் சென்சார் இல்லாமலே, ஆக்சிஜன் சென்சாரின் திருத்தத்திலிருந்து கலவையை ஊகிக்கின்றன. சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். டர்போவால் பூஸ்ட் (காற்றழுத்தம்) ஏற்றிய எஞ்சினுக்கு அந்த ஊகத்தை நம்பி இறங்கமாட்டேன்.

சென்சார் போட்ட பிறகும் ஒரு பழக்கம் வேண்டும். புதிதாக நிரப்பியதும் குழாயிலும் ஃபில்டரிலும் பழைய கலவைதான் இருக்கும். சென்சார் காட்டும் எண் நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும் வரை சில கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்டுங்கள். அது நின்ற பிறகு த்ராட்டிலை மிதிக்கலாம்.