எம்.எஸ்சி. நானோவா, இயற்பியலா? ஒரு அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், நானோ சென்சாரால் டி.என்.ஏ. கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று நிற்கிறார், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். கொஞ்சம் தாமதமாகப் போடும்.

அவர் எதைப் பார்த்து மயங்கினார் என்று எனக்குப் புரிகிறது. கொரோனா காலத்தில் வீட்டில் வைத்துப் பார்த்த கிட்டில் சிவப்புக் கோடு வந்ததே, பெரும்பாலான கிட்டுகளில் அது தங்கம்தான். தங்கக் குளோரைடு கரைசலைக் கொதிக்கவைத்து சோடியம் சிட்ரேட் ஊற்றினால், வெளிர்மஞ்சள் மறைந்து, கறுத்து, சில நிமிடங்களில் மாதுளைச் சாறு போலச் சிவந்துவிடும். பத்திருபது நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) தங்கத் துகளின் நிறம் அது. அந்தத் துகள்களில் டி.என்.ஏ.வின் ஒற்றை இழைகளை ஒட்டிவைத்தால், அவற்றோடு ஜோடி சேரும் டி.என்.ஏ. இழை வந்து சேரும்போது துகள்கள் ஒன்றையொன்று நெருங்கும். சிவப்பு நீலமாக மாறும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு 1990-களிலேயே இதைச் செய்துகாட்டியது. இன்னொரு வழி, நானோ அளவில் மேடுபள்ளமாக்கிய வெள்ளி, தங்கப் பரப்பில் லேசர் அடித்து ராமன் சிதறலைப் படிப்பது, அதாவது மூலக்கூறில் பட்டு நிறம் மாறிச் சிதறும் ஒளியை வைத்து அது எந்த மூலக்கூறு என்று அறிவது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்ட அதே சிதறல்தான். இயல்பில் மிகப் பலவீனமான அந்த ஒளியை இந்தப் பரப்பு பல லட்சம் மடங்கு பெருக்கித் தருகிறது.

பி.சி.ஆர். முறையில் முதலில் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கியாக வேண்டும். பெருக்காமலே, ரத்தத்தில் மிதக்கும் துளியூண்டு புற்றுநோய் டி.என்.ஏ.வைப் பிடித்துவிட முடியுமா என்பதுதான் இந்தத் துறையின் ஆசை. ஆனால் ஆய்வகத்தின் சுத்தமான பஃபர் கரைசலில் அருமையாக வேலை செய்யும் சென்சார் ரத்தத்தில் தடுமாறுகிறது. ஆல்புமின் முதலான புரதங்கள் தங்கத்தின்மேல் அப்பிக்கொள்கின்றன. அதனால்தான் ஆய்வகத்தில் ஜெயித்த பல சென்சார்கள் மருத்துவமனை வாசலைத் தாண்டவில்லை. இதைச் செய்யும் கம்பெனிகளும் நம் நாட்டில் குறைவு. ஆனால் இதில் பழகிய கைக்கு, ரேபிட் கிட், பி.சி.ஆர். கிட் தயாரிக்கும் நிறுவனங்களின் ஆர் அண்ட் டி, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் இடம் உண்டு.

இப்போது முக்கியமான விஷயம். எம்.எஸ்சி. நானோ டெக்னாலஜி என்று விளம்பரம் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் நானோவுக்குத் தனித் தாளே கிடையாது; இயற்பியல், வேதியியல், உயிரியல் என்றுதான் எழுத வேண்டும். நாளைக்கு உதவிப் பேராசிரியர் வேலைக்கு, இது இயற்பியலுக்கு இணையான பட்டம்தான் என்று சான்றிதழ் வாங்க அலைவது யார்? இயற்பியலிலேயே எம்.எஸ்சி. முடிக்கட்டும். நானோவை பிஎச்.டி.யில் பிடித்துக்கொள்ளலாம்.

அதற்கு வழி, ஐ.ஐ.டி.கள் நடத்தும் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம். அதில் நல்ல ரேங்க் வந்தால் சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி., பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. என்று கதவுகள் திறக்கும். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருஷம் ஆகும் என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள், கல்யாணப் பேச்சு உட்பட.

இந்த வருஷமே ஒன்று செய்யச் சொல்லுங்கள். இந்திய அறிவியல் அகாடமியின் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம் ஒரு உண்மையான ஆய்வகத்தில் பிப்பெட் பிடித்து, ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தால், இது ஆசையா ஆர்வமா என்று அவருக்கே தெரிந்துவிடும். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர் என்றால், டி.என்.ஏ. பற்றிய அடிப்படையை மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

ஒருவேளை ஆசிரியர் வேலைதான் என்று முடிவானாலும், பி.எட். எங்கும் ஓடிவிடாது, எம்.எஸ்சி. முடித்த பிறகும் சேரலாம். அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள், இதுவரையிலான செமஸ்டர் மதிப்பெண் பட்டியலோடு.