பெட்டி உப்பை அளப்பதில்லை: நீச்சல் தடாகக் கேள்வி பதில்

உப்பில் இருந்து குளோரீன் உண்டாக்கும் கருவி பொருத்திய தடாகக்காரர்கள் கேட்டவை இவை. கருவியில் இரண்டு பகுதி: கட்டுப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்க் குழாயில் பொருத்திய, உலோகத் தகடுகள் உள்ள செல். கேட்டவரின் ஊரே பெயராக இருக்கிறது. கீழே வரும் கணக்கெல்லாம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழமுள்ள வீட்டுத் தடாகத்துக்கு, அதாவது ஏறத்தாழ 45,000 லீற்றருக்கு. உங்களுடையது அதில் பாதி என்றால் அளவையும் பாதியாக்குங்கள்.

வெள்ளவத்தை: சேர், போன கிழமை மழைக்குப் பிறகு ‘உப்புக் குறைவு’ விளக்கு எரியத் தொடங்கியது. 25 கிலோ மூட்டை இரண்டு போட்டேன், அணையவில்லை. இன்னும் இரண்டு போடவா?

போடாதீர்கள். உப்பு எவ்வளவு என்று அந்தப் பெட்டிக்கு நேரடியாகத் தெரியாது. செல்லின் தகடுகளுக்கிடையே எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. மின்னோட்டம் குறைந்தால் உப்புக் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் தகட்டில் சுண்ணாம்பு படிந்தாலும், தகட்டின் பூச்சுத் தேய்ந்தாலும், கேபிள் முனையில் பச்சைக் களிம்பு ஏறினாலும் மின்னோட்டம் குறையும். விளக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

மழையால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று பார்ப்போம். 100 மில்லிமீற்றர் மழை என்றால் 32 சதுர மீற்றர் தடாகத்தில் 3,200 லீற்றர் விழுகிறது. அவ்வளவும் கலந்து வழிந்தோடினாலும் உப்பில் 7 வீதம்தான் போகும். 3,000 பிபிஎம் (அதாவது லீற்றருக்கு 3,000 மில்லிகிராம்) இருந்தது 2,800 ஆகும். அதை ஈடுசெய்ய 10 கிலோ போதும். நீங்கள் போட்ட 50 கிலோ 1,100 பிபிஎம்மை ஏற்றியிருக்கும். இன்னும் இரண்டு மூட்டை போட்டால் 5,000 ஐத் தொடும், அப்போது ‘உப்பு அதிகம்’ என்று பெட்டி நின்றுவிடும். ஏறிய உப்பு ஆவியாகிப் போகாது. தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் இறக்கவேண்டும்.

ஆகவே முதலில் உப்பைத் தனியாக அளவுங்கள். சோதனைப் பட்டி, சொட்டுச் சோதனை, கைமீற்றர் எதுவும் பரவாயில்லை. 2,700 முதல் 3,400 வரை இருந்தால் உப்பு மூட்டையைத் தொடவேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்தி, வால்வுகளைப் பூட்டி, இரண்டு யூனியனையும் (திருகு இணைப்புகளையும்) கழற்றிச் செல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தகடுகளுக்கு நடுவே முட்டை ஓடு உடைந்து ஒட்டியதுபோல வெள்ளையாகத் தெரிந்தால் அது கல்சியம். முதலில் ஹோஸ் தண்ணீர், பிறகு மரக்குச்சி. கத்தியோ ஸ்குரூ டிரைவரோ உள்ளே போகக்கூடாது. தகட்டின் மேலிருக்கும் ருத்தேனியப் பூச்சு முடியை விட மெல்லியது.

அதற்கும் போகாவிட்டால் அசிட். பத்துப் பங்கு தண்ணீரை பிளாஸ்டிக் வாளியில் எடுத்து, அதற்குள் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அசிட்டை மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீருக்குள் அசிட். அசிட்டுக்குள் தண்ணீர் ஒருபோதும் இல்லை. கையுறையும் கண்ணாடியும் போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். கேபிள் முனை நனையாமல் செல்லை நிமிர்த்தி வையுங்கள். நுரை நின்றதும் எடுத்துவிடுங்கள், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நுரையே வராவிட்டால் படிவு இல்லை என்று அர்த்தம், உடனே எடுங்கள். ஒவ்வொரு அசிட் குளியலும் பூச்சிலும் கொஞ்சம் தின்னும்.

தகடு சுத்தம், உப்பும் சரி, கேபிள் முனையும் சரி, ஆனாலும் விளக்கு எரிகிறது என்றால் செல் முடிந்துவிட்டது. நல்ல தகடு மங்கிய கறுப்பாக இருக்கும். தேய்ந்த இடம் வெள்ளிபோல மினுங்கும். பொதுவாக மூன்று முதல் ஏழு வருடம் உழைக்கும்.

தெஹிவளை: எங்களுக்கும் உப்பு விளக்குத்தான். எத்தனை மூட்டை வாங்க?

மேலே உள்ள பதில்தான். அளந்த பிறகு உப்பு.

ராஜகிரிய: அண்ணா, பெட்டி 100 வீதத்தில் ஓடுகிறது, தண்ணீர் பச்சை. கரண்ட் பில்லுக்குப் பயந்து பம்ப் 4 மணி நேரம்தான். ஸ்டெபிலைசர் போட்டதே இல்லை.

அக்கா, உங்கள் கேள்வியிலேயே இரண்டு காரணம் இருக்கிறது. மணிக்கு 20 கிராம் குளோரீன் தரும் செல் 4 மணி நேரத்தில் 80 கிராம் தரும். 45,000 லீற்றருக்கு அது 1.8 பிபிஎம்கூட வராது. கொழும்பு வெயிலில் திறந்த தடாகம் ஒரு நாளைக்கு 2 முதல் 4 பிபிஎம் தின்னும், அதுவும் குளோரீனை வெயிலில் இருந்து காக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால். அது இல்லாமல் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரீன் போய்விடும். செல் உண்டாக்க உண்டாக்க வெயில் அழித்துக்கொண்டிருக்கிறது.

பச்சையை அடிப்பது செல்லின் வேலை இல்லை. அதை 100 வீதத்தில் நாட்கணக்காக ஓட்டினால் செல்தான் தேயும். 10 வீதத் திரவக் குளோரீன் நாலரை லீற்றரைப் பொழுது சாயும் நேரத்தில் ஊற்றுங்கள், 10 பிபிஎம் ஏறும். சுவரையும் தரையையும் பிரஷ் போடுங்கள். பம்ப் இரவு பகலாக ஓடட்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது அளந்து, 10 க்குக் கீழே இறங்கினால் மீண்டும் ஏற்றுங்கள். இரவு படுக்கும்போது அளந்ததற்கும் விடிய வெயிலுக்கு முன் அளந்ததற்கும் வித்தியாசம் 1 பிபிஎம்முக்குள் நின்றால்தான் பாசி செத்தது. தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று நடுவில் நிறுத்தினால் ஒரு கிழமையில் திரும்ப வரும்.

அதன் பிறகு சயனூரிக் அசிட், அதாவது ஸ்டெபிலைசர், 3 கிலோ. பழைய மேசுக்குள் போட்டுக் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டு, இடைக்கிடை கையால் பிசையுங்கள். 70 பிபிஎம் வரும். பிறகு குளோரீனை 4 முதல் 5 வரை வைத்திருங்கள், பம்பை 8 மணி நேரமாவது ஓட்டுங்கள்.

செல் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அசிட் கானையும் குளோரீன் கானையும் ஒரே அலுமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு.

கல்கிசை: பூல் உப்பு விலை தாங்கவில்லை. ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டைக் கல்லுப்பு போடலாமா?

கழுவிய கல்லுப்பு என்றால் போடலாம். கழுவாதது வேண்டாம்.

கொட்டாஞ்சேனை: அது என்ன கழுவியது, கழுவாதது? எல்லாம் கடல் உப்புத்தானே. ‘பூல் உப்பு’ என்று மூட்டையில் எழுதினால் விலை கூடும், அவ்வளவுதான்.

பாதி சரி. இரண்டும் சோடியம் குளோரைட்டுத்தான். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி மூட்டைக்குத்தான் போகிறது, அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பாத்தியில் உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் புரோமைட்டும் இருக்கும். கழுவாத கல்லில் அது ஒட்டிக்கொண்டே வரும். கூடவே பாத்திச் சேறு, சேற்றில் இரும்பு. இரும்பு குளோரீனைக் கண்டதும் மண்ணிறக் கறையாகச் சுவரில் இறங்கும். புரோமைட் புரோமீனாக மாறும், ஸ்டெபிலைசர் அதை வெயிலில் இருந்து காப்பாற்றாது, குளோரீன் செலவு கூடும்.

சோதனை சுலபம். ஒரு பிடி உப்பைத் திறந்த தட்டில் இரவு முழுக்க வையுங்கள். விடியப் பார்க்கும்போது வேர்த்து, தட்டில் ஈரம் தேங்கியிருந்தால் மக்னீசியம் மிச்சம் இருக்கலாம். அடுத்தது, ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலில் 100 கிராம் கரைத்து ஒரு மணி நேரம் அசையாமல் விடுங்கள். அடியில் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அது சேறு. இரண்டிலும் தேறிய உப்பை நான் தடுக்கமாட்டேன்.

நுகேகொடை: அயடீன் சேர்த்த உப்புத் தகட்டைக் கெடுக்கும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்களே. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

கணக்கைப் பாருங்கள். புதிதாக நிரப்பிய தடாகத்துக்கு 3,000 பிபிஎம் வர 135 கிலோ வேண்டும். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயடீன் என்று வைத்தாலும் மொத்தம் 4 கிராம். அதை 45,000 லீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு 0.1 மில்லிகிராமும் இல்லை. இது தகட்டை என்ன செய்யும்? சமையல் தூள் உப்பை நான் வேண்டாம் என்பது வேறு காரணத்துக்கு. கட்டிபிடிக்காமல் இருக்கச் சில தூள் உப்பில் ஃபெரோசயனைட் சேர்ப்பார்கள். அதில் இரும்பு இருக்கிறது, வெளிர்நிறத் தளத்தில் கறை விழலாம். பக்கற்றின் பின்பக்கத்தை வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனை: அப்படியென்றால் கல்சியம்? கல்லுப்பில் கல்சியம் கூட, செல்லில் படியும் என்பதும் கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை, ஆனால் பெரிதாக்கப்பட்ட கதை. உப்பில் 0.2 வீதம் கல்சியம் இருந்தால் லீற்றருக்கு 6 மில்லிகிராம் சேரும். கடினத்தன்மைக் கணக்கில் 15 பிபிஎம். களனி கங்கை, லபுகம, கலட்டுவாவ நீர் மென்மையானது, ஆகவே கொழும்புக் குழாய்த் தண்ணீர் நிரப்பியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. செல்லில் படிவை உண்டாக்குவது பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட பிஎச், அதாவது தண்ணீரின் அமில, கார அளவு. எதிர்மின் தகட்டின் அருகே பிஎச் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். தடாகத்தின் பிஎச்சும் 8 ஐத் தாண்டினால் கல்சியம் அங்கேதான் முதலில் இறங்கும். உப்பைப் பற்றி இவ்வளவு கேட்கிறீர்கள், பிஎச் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பத்தரமுல்ல: நான் கேட்கிறேன். கிழமைக்கு இரண்டு தடவை அசிட் ஊற்றியும் பிஎச் ஏறுகிறது.

செல்லில் உண்டாகும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவைக் கிளப்பி வெளியேற்றுகின்றன. அதனால்தான் ஏறுகிறது. மொத்தக் காரத்தன்மையை அளவுங்கள், 100 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் அதுதான் எரிபொருள். 60 முதல் 80 வரை இறக்குங்கள். பிஎச்சை 7.2 க்கு இழுக்காதீர்கள், எவ்வளவு கீழே இழுக்கிறீர்களோ அவ்வளவு வேகமாக ஏறும். 7.6 இல் விட்டு, 7.8 ஐத் தொடும்போது அரை லீற்றர் அசிட், பம்ப் ஓடும்போது, திரும்பும் வாய்க்கு முன்னால். நான்கு மணி நேரம் கழித்து அளவுங்கள். ஸ்டெபிலைசர் சரியாக இருந்தால் செல்லின் வீதத்தைக் குறைக்கலாம், குமிழியும் குறையும். அலங்கார அருவி இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி: உப்பு விளக்கு எரிகிறது…

முதல் பதில். அளந்த பிறகு உப்பு.

நுவரெலியா: விடியற்காலையில் செல் வேலை செய்வதில்லை.

தண்ணீர் குளிர்ந்தால் பல செல்கள் தாமாகவே நிற்கும். பம்ப் நேரத்தை மதியத்துக்கு மாற்றுங்கள்.

கொள்ளுப்பிட்டி: ‘ஓட்டம் இல்லை’ என்று காட்டுகிறது. வயரிங் பாஸ் ஃப்ளோ சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டிவிட்டார். இப்போது நன்றாக ஓடுகிறது.

இன்றைக்கே பிரியுங்கள், அதுவரை பெட்டியை நிறுத்தி வையுங்கள். தண்ணீர் ஓடாமல் செல் ஓடினால் குழாய்க்குள் ஹைட்ரஜன் சேரும். வெடித்துச் செல்லைச் சிதறடிக்கும். அந்தச் சுவிட்ச் இருப்பதே இதற்காகத்தான். பம்ப் கூடையைத் துப்புரவாக்குங்கள், ஃபில்டரைப் பின்கழுவுங்கள், பம்ப் மூடியின் ஓ-ரிங்குக்குச் சிலிக்கன் கிரீஸ் பூசுங்கள் (வாஸ்லின் வேண்டாம், றப்பர் ஊதும்). சுவிட்சைக் கழற்றி, உள்ளே துடுப்பில் இலை சிக்கியிருக்கிறதா, அம்புக்குறி தண்ணீர் போகும் பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் புதுச் சுவிட்ச் போடுங்கள்.

மட்டக்குளி: இடி மின்னலுக்குப் பிறகு பெட்டியில் உயிரே இல்லை. ட்ரிப் சுவிட்சும் விழுகிறது.

ட்ரிப் விழுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது, தகுதியுள்ள மின்னியலாளர் பார்க்கவேண்டும். அவர் வந்து மூடியைத் திறக்கும்போது ஃபியூசுக்கு முன் போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டுக்கு வந்து ஒதுங்கிய பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடப்பது இங்கே சாதாரணம், எறும்புக் கூடும் அப்படித்தான். கேபிள் நுழையும் துளைகளைக் கிளாண்ட் போட்டு அடையுங்கள். சர்ஜ் புரொடெக்டர் ஒன்றும் போடச் சொல்லுங்கள்.

கிருலப்பனை: உப்புத் தடாகத்தில் குளோரீன் இல்லைத்தானே? பிள்ளைக்குக் கண் எரிகிறது.

இருக்கிறது. உப்பில் இருந்துதான் உண்டாகிறது. எரிச்சலுக்கு வழக்கமான காரணங்கள் தவறிய பிஎச்சும் வேர்வையோடு சேர்ந்து கெட்ட குளோரீனும். இரண்டையும் அளவுங்கள். எரிச்சல் நீடித்தால் கண் வைத்தியர்.

வத்தளை: இரண்டு மாதம் கனடா போகிறோம். மெயினை நிறுத்திவிட்டுப் போகலாமா?

வேண்டாம். குளோரீன் இல்லாமல் தேங்கிய தண்ணீர் நுளம்புக் குடம்பி வளரும் இடம். டெங்குப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பூட்டிய கேற்றுக்கு வெளியேயும் பிரச்சினைதான். போவதற்கு முன் செல்லைக் கழற்றிப் பார்த்து, உப்பையும் ஸ்டெபிலைசரையும் அளந்து சரிசெய்யுங்கள். குளிப்பவர்கள் இல்லாததால் பம்ப் 6 மணி நேரம், குளோரீன் 4 இல் நிற்கும்படி வீதத்தை இரண்டு கிழமைக்கு முன்பே ஓட்டிப் பார்த்துப் பிடியுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சோதனைப் பட்டியும் பிஎச்சுக்கு அரை லீற்றர் போத்தலில் அளந்த அசிட்டும் கொடுத்து, கிழமைக்கு ஒரு தடவை பட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உப்பு மூட்டையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.