சுண்டெலிகளின் ஆயுளைக் கூட்டியதாகச் சொல்லும் ஆய்வுகளில் எதை நம்பலாம்? எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் பார்க்க வேண்டியது மருந்து தின்ற எலிகளை அல்ல, தின்னாத எலிகளை. '20 சதவீதம் ஆயுள் கூடியது' என்று செய்தி வந்தால், எதைவிட 20 என்று கேளுங்கள். சோதனைக்கூடங்களில் அதிகம் புழங்கும் சி57பிஎல்/6 வகைச் சுண்டெலி, நல்ல பராமரிப்பில் ஏறத்தாழ 900 நாள் வாழும். ஒரு கட்டுரையில் மருந்து கொடுக்கப்படாத குழுவில் பாதி எலிகள் 650, 700 நாளுக்குள் செத்துப்போயிருந்தால், அந்தக் கூண்டறையில் ஏதோ கோளாறு என்று பொருள்: தொற்று, தீவனம், நெரிசல், சண்டை, எதுவாகவும் இருக்கலாம். அங்கே மருந்து முதுமையைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டியதில்லை, கோளாறின் பாதிப்பைக் கொஞ்சம் ஈடுகட்டியிருந்தாலே எண்ணிக்கை அழகாக வந்துவிடும். ஆயுள் ஆய்வாளர்கள் இதை '900 நாள் விதி' என்கிறார்கள். பத்தில் பல கட்டுரைகளை இந்த ஒரு கேள்வியிலேயே ஒதுக்கி வைக்கலாம் என்பது என் கருத்து.

இதற்குப் பொருத்தமான பாடம் ரெஸ்வெரட்ரால். திராட்சைத் தோலில் இருக்கும் இந்தப் பொருள் 2006இல் உலகச் செய்தியானது. ஆனால் அந்தச் சோதனையில் ஆயுள் நீண்டவை, கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாகவே இருந்த தீவனத்தைத் தின்று பருத்த, ஓராண்டு வயதுள்ள ஆண் எலிகள். பருமனால் முன்கூட்டியே சாக இருந்தவை, சாதாரணத் தீவனம் தின்ற எலிகளைப் போல வாழ்ந்தன. சாதாரணத் தீவனத்தோடு அதையே கொடுத்த 2008ஆம் ஆண்டு ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மாத்திரை மட்டும் இன்றுவரை கடைகளில் விற்கிறது.

இரண்டாவது, அதே முடிவு வேறு இடத்திலும் வந்ததா? இதற்கென்றே அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் நடத்துவது 'இன்டர்வென்ஷன்ஸ் டெஸ்டிங் புரோகிராம்', சுருக்கமாக ஐடிபி. ஒரே மருந்தை, ஒரே அளவில், ஜாக்சன் ஆய்வகம், மிச்சிகன் பல்கலைக்கழகம், சான் அன்டோனியோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக சுகாதார மையம் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே சமயத்தில் சோதிக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் எலி உள்ளினக் கலப்பில் வந்த ஒற்றை வகை அல்ல. நான்கு வகைகளைக் கலந்து பிறக்கும் எச்இடி3. ஒவ்வொன்றும் மரபணுவில் தனித்தனி, உடன்பிறப்புகள் போல. அதனால் ஒரு வகைக்கே உரிய நோயை மருந்து தடுத்துவிட்டு 'ஆயுள் மருந்து' என்ற பெயரைத் தட்டிச் செல்ல முடியாது. ஒப்பீட்டுக் குழுவில் இரண்டு மடங்கு எலிகள் இருக்கும். மூன்றில் ஓரிடத்துத் தரவு மொத்தமாகக் கெட்டாலும், 10 சதவீத வேறுபாட்டைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு இருக்கும்படி எண்ணிக்கையை வகுத்திருக்கிறார்கள். குழுவுக்கு 20 எலிகளை வைத்து 10 சதவீத வேறுபாட்டை நம்பகமாகப் பிடிக்கவே முடியாது.

இந்தச் சல்லடையில் தேறியவை கொஞ்சம்தான். நோயெதிர்ப்பை அடக்கும் ரப்பாமைசின், தீவனத்தில் 42 பிபிஎம் (பத்து லட்சத்தில் 42 பங்கு) அளவில், இடைநிலை ஆயுளை ஆண் எலிகளில் 23, பெண் எலிகளில் 26 சதவீதம் கூட்டியது. சர்க்கரை நோய்க்கான அகார்போஸ் 1000 பிபிஎம்மில் ஆண்களில் 22, பெண்களில் வெறும் 5. அதே நோய்க்கான கனாகிளிஃப்ளோசின் ஆண்களில் 14, பெண்களில் ஒன்றுமில்லை. தேறாதவற்றின் பட்டியல் நீளம்: ரெஸ்வெரட்ரால், மஞ்சளில் உள்ள குர்குமின், கிரீன் டீ சாறு, மீன் எண்ணெய், நிக்கோடினமைடு ரைபோசைடு. இன்னொரு சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் தனியாக ஆண்களில் காட்டிய 7 சதவீதமும் புள்ளியியல் அளவில் உறுதியாகவில்லை. ஆண்களில் மட்டும் பலன் தந்தவற்றை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். எச்இடி3 ஆண் எலிகள் மருந்தில்லாமலே பெண்களைவிட முன்னதாகச் சாகின்றன. மேலே சொன்ன 900 நாள் கேள்வி அங்கேயும் எழும்.

நீங்களே சோதனை திட்டமிடுகிறீர்கள் என்றால், அதிகம் சொதப்புவது தீவனத்தில்தான். 'இத்தனை பிபிஎம் கலந்தோம்' என்பது போதாது. கலந்து, உருண்டையாக்கி, கதிர்வீச்சு கொடுத்துக் கிருமி நீக்கி, கிடங்கில் வைத்த பிறகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்க வேண்டும். ஐடிபியிலேயே அஸ்டாசாந்தின் என்ற நிறமிப் பொருள் 4000 பிபிஎம் இருக்க வேண்டிய தீவனத்தை அளந்தபோது 1840தான் இருந்தது. ரப்பாமைசின் தீவனத் தயாரிப்பிலும் வயிற்று அமிலத்திலும் சிதைந்துவிடும் என்பதால், குடலில் மட்டும் கரையும் பூச்சுக்குள் அடைக்க வேண்டியிருந்தது. அந்தப் பூச்சு கைகூடுவதற்குள் எலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது. கிழட்டு எலிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், ஆயுள் நீண்டது. 2009இல் வந்த அந்த முடிவு, வயதான பிறகு தொடங்கினாலும் பலன் உண்டு என்று காட்டியதால்தான் அவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது. தீவனத்தோடு இரத்தத்தில் உள்ள அளவையும் பாருங்கள். ஒரே தீவனம் தின்றும் பெண் எலிகளின் இரத்தத்தில் ரப்பாமைசின் அதிகம் சேர்கிறது.

அடுத்த பொறி, பசி. மருந்து கசந்தால் எலி குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்றாலே எலிக்கு ஆயுள் கூடும் என்பது 1935 முதலே தெரியும். ஆகவே குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எலியையும் எடைபோடுங்கள். தீவனத்தை அளக்கும்போது தட்டில் குறைந்ததை மட்டும் எழுதாதீர்கள். எலி கொறித்து உதிர்ப்பது நிறைய, கூண்டின் அடியில் கிடக்கும் தூளையும் சலித்து எடைபோட்டுக் கழிக்க வேண்டும். எடை குறைந்திருந்தால், அதே அளவு குறைவாகத் தீவனம் கொடுத்த, மருந்து இல்லாத இன்னொரு குழு வேண்டும்.

ஆண் எலிகள் கடித்துக்கொள்ளும். கூண்டுக்கு மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். சண்டையில் செத்ததைக் கணக்கிலிருந்து விலக்கலாம், ஆனால் அந்த முடிவை எடுப்பவருக்கு அது எந்தக் குழு எலி என்று தெரியக் கூடாது. நோய் முற்றிக் கருணைக்கொலை செய்த எலியை விலக்கக் கூடாது, அந்த நாளையே இறப்பு நாளாக எழுத வேண்டும். இடைநிலை ஆயுள் (பாதி எலிகள் இறந்து முடியும் வயது) மட்டும் கூடி, 90 சதவீதம் எலிகள் இறந்து முடியும் வயது அசையவில்லை என்றால், முன்கூட்டி நிகழும் சாவுகளை மட்டும்தான் மருந்து தடுத்திருக்கிறது. பெரும்பாலான சுண்டெலிகள் புற்றுநோயால் சாகின்றன என்பதையும் மறக்காதீர்கள். புற்றுநோயை மட்டும் தாமதப்படுத்தும் மருந்துகூட எலியில் ஆயுள் மருந்தாகத் தெரியும்.

புழுக்களில் வந்த முடிவுகளுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று. சி. எலிகன்ஸ் புழு உயிருள்ள பாக்டீரியாவைத் தின்கிறது. மருந்தை முதலில் தொடுவது அந்தப் பாக்டீரியாதான். மெட்ஃபார்மின், புழு தின்னும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் வளர்சிதை மாற்றத்தைக் கெடுத்து, அதன்வழியே புழுவின் ஆயுளைக் கூட்டியது என்று 2013இல் காட்டினார்கள். பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்தபோது அதே மருந்து ஆயுளைக் குறைத்தது.

கடைசியாக அளவுக் கணக்கு. 1000 பிபிஎம் என்றால் ஒரு கிலோ தீவனத்தில் ஒரு கிராம். 30 கிராம் எலி நாளுக்கு 4 கிராம் தின்றால் 4 மில்லிகிராம், அதாவது உடல் எடை கிலோவுக்கு 133 மில்லிகிராம். இதை அப்படியே 60 கிலோ மனிதருக்குப் பெருக்கி 8 கிராம் என்பது தவறு. உடல் பரப்பைக் கணக்கில் எடுத்து 12.3ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 650 மில்லிகிராம் வரும். நம் வீட்டு மஞ்சளுக்கும் போட்டுப் பார்க்கலாம். ஐடிபி கொடுத்த குர்குமின் 2000 பிபிஎம், மனிதக் கணக்கில் நாளுக்கு 1.3 கிராம். மஞ்சள் தூளில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்தால் 43 கிராம் தூள். சாம்பாரில் யாரும் தொட முடியாத அந்த அளவிலும் எலிகளின் ஆயுள் கூடவில்லை.

அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்றும் நினைக்க வேண்டாம். 2013இல் வேறொரு குழு சி57பிஎல்/6 ஆண் எலிகளுக்கு மெட்ஃபார்மினை 0.1 சதவீதம் கொடுத்தபோது சராசரி ஆயுள் ஏறத்தாழ 6 சதவீதம் கூடியது. 1 சதவீதம் கொடுத்த எலிகளுக்கு 14 சதவீதம் குறைந்தது. ரப்பாமைசின் தின்று நெடுநாள் வாழ்ந்த ஆண் எலிகளுக்கு விந்தகம் சிதைந்தது, கண்புரையும் அதிகமானது. அதே மருந்தை மனிதரில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பை அடக்கத்தான் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள், அதுவும் இரத்தத்தில் அளவைப் பார்த்துப் பார்த்து.